கணக்கைக் கோப்பில் எழுதுதலும் கணிப்பொறியிடம் ஒப்புவித்தலும்

குறைந்த செலவில் நிறைந்த பயன் பெறுவது எங்ஙனம் என்னும் வினா, வீட்டை ஆளும் இல்லாளுக்கும் நாட்டை ஆளும் மந்திரிக்கும் பொதுவானது. அவ்வினாவைக் கணித சாஸ்திரத்தின் வாயிலாக விடுப்பதற்கு ஏற்பட்ட துறையே உகப்பாக்கம் என்பது. அத்துறையில் எழும் கணக்குகளை இக்காலத்தில் எவரும் கையாற் செய்வதில்லை. அதற்கென்றே ஆக்கப்பட்ட மென்பொருள் நூலகங்கள் பல உள்ளன. அவற்றினிடம் கணக்கை ஒப்புவித்துவிட்டால் விடை கணப்பொழுதில் வந்துவிடும். ஆனால் ஒப்புவிப்பது எப்படி? நம் உள்ளத்தில் உள்ள கணக்கும் நூலகம் வாங்கிக்கொண்ட கணக்கும் ஒன்றுதானா என்று அறிவது எப்படி? இவ்விரண்டு வினாக்களையும் மாணாக்கர் பெரும்பாலும் கருதுவதில்லை. விடை காணும் முறையைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் விரிவாகக் கூறுகின்றன. கணக்கை எழுதிக் கொடுக்கும் முறையைப் பற்றியோ ஓரிரண்டு வரிகளோடு நின்றுவிடுகின்றன. அக்குறையை ஒருவாறு நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. துறையின் வரலாறு

1939-ஆம் ஆண்டில் லெனின்கிராடு நகரத்துக் கணித அறிஞர் லியோனிட் கான்டரோவிச் என்பார், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிப்பது பற்றிய கணக்கை ஆராயப் புகுந்து, இத்துறைக்கு வித்திட்டார். 1947-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்ஸிக் என்பார் சிம்ப்ளெக்ஸ் என்னும் முறையைக் கண்டார். நேரியல் திட்டமிடற் கணக்குகள் யாவற்றிற்கும் அம்முறை பொதுவழியாயிற்று.

அம்முறையை அந்நாளிற் சோதித்துப் பார்த்த வரலாறு நாம் அறிதற்குரியது. ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்னும் பொருளாதார அறிஞர் 1945-இல் ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். 77 உணவுப் பொருள்கள் உள்ளன. உடலுக்கு வேண்டிய சத்துக்கள் 9 எனக் கொள்ளப்பட்டன. அச்சத்துக்கள் யாவும் குறைவின்றிக் கிடைக்கும்படி ஒருவன் ஓராண்டு உண்பதற்கு ஆகும் மிகக் குறைந்த செலவு யாது என்பதே வினா. ஸ்டிக்ளர் தம் நுண்ணறிவால் ஊகித்து, 1939-ஆம் ஆண்டின் விலைப்படி 39 டாலர் 93 சென்டு என்று கூறினார். அதுவே முற்றிலும் குறைந்தது என்று நாட்ட அவரிடம் வழி இல்லை. 1947-இல் ஜாக் லேடர்மன் என்பாரின் மேற்பார்வையில், மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு, 9 எழுத்தர்கள் சிம்ப்ளெக்ஸ் முறைப்படி அக்கணக்கைச் செய்தனர். 120 ஆள்நாள் உழைப்புக்குப்பின் கிடைத்த விடை 39 டாலர் 69 சென்டு. ஸ்டிக்ளரின் ஊகம் 24 சென்டு அளவே பிழைத்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கணக்கைச் செய்தவர் மனிதர்கள். அட்டவணையில் ஓர் உணவின் விலை பத்து மடங்கு பிழையாக எழுதப்பட்டிருந்தால், 'இது என்ன விந்தை!' என்று எவரேனும் ஒருவர் தலைநிமிர்ந்து வினவியிருத்தல் கூடும். இன்று அக்கணக்கைக் கணிப்பொறி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். ஆனால் தலைநிமிர்ந்து வினவாது. எழுதிக் கொடுத்தது எதுவோ அதுவே அதற்கு உண்மை. ஆதலின் வினவும் பொறுப்பு முழுவதும் எழுதுவோன் தலையிலேயே விழுகின்றது.

2. கணக்கின் உறுப்புக்கள்

நேரியல் திட்டமிடற் கணக்கு ஒவ்வொன்றிற்கும் நான்கு உறுப்புக்கள் உண்டு. நாம் தீர்மானிக்க வேண்டிய அளவுகள் மாறிகள் எனப்படும். குறைக்கவோ கூட்டவோ விரும்பும் தொகை குறிக்கோள் எனப்படும். மீறலாகாத நியமங்கள் கட்டுப்பாடுகள் எனப்படும். ஒவ்வொரு மாறியும் இதற்குக் குறையாமலும் இதற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது எல்லைகள் எனப்படும்.

ஸ்டிக்ளர் கணக்கின் சிறு நிழலாக ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். எண்கள் எளிமை கருதி நாமே வகுத்துக்கொண்டவை. ஒரு விடுதிச் சமையற்கூடத்தில் ஒரு நாளைக்குக் கேழ்வரகும் கொண்டைக்கடலையும் சேர்ந்து 15 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். அவற்றால் கிடைக்கும் புரதம் 1700 கிராமுக்குக் குறையலாகாது. கேழ்வரகு கிலோ 40 ரூபாய். அதில் புரதம் 70 கிராம். கடலை கிலோ 100 ரூபாய். அதில் புரதம் 200 கிராம். களஞ்சியத்தில் உள்ள கேழ்வரகு 8 கிலோவே. செலவு மிகக் குறைவாக இருத்தற்கு ஒவ்வொன்றும் எத்தனை கிலோ எடுத்தல் வேண்டும்?

இதனைக் கையாலேயே செய்துவிடலாம். விலை மலிந்த கேழ்வரகை உள்ள அளவும் எடுத்தால் 8 கிலோ. எடையை நிரப்பக் கடலை 7 கிலோ. புரதம் 560-உம் 1400-உம் கூடி 1960 கிராம், தேவைக்குக் குறைவில்லை. செலவு 320-உம் 700-உம் கூடி 1020 ரூபாய். ஒரு கிலோ கேழ்வரகைக் குறைத்தால் அதற்கு ஈடாக ஒரு கிலோ கடலை வாங்க நேர்ந்து 60 ரூபாய் மிகும். ஆகவே இதுவே உகந்த தீர்வு. இவ்விடையை நெஞ்சில் இருத்திக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

3. எம்.பி.எஸ். என்னும் கோப்பு

இத்தகைய கணக்கை நூலகத்திற்கு அளிக்கும் வழிகளுள் பழமையானதும் இன்றளவும் வழங்குவதும் எம்.பி.எஸ். என்னும் கோப்பமைப்பாகும். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட மென்பொருள் ஒன்றின் பெயர்ச்சுருக்கமே இதற்கும் பெயராயிற்று. அக்காலத்தில் திரையும் இல்லை, தட்டச்சுச் செய்து திருத்தும் வசதியும் இல்லை. 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, அவ்வட்டைகளை அடுக்காகப் பொறிக்குள் செலுத்துவர். ஆகையால் கோப்பின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை. எந்தச் செய்தி எந்தப் பத்தியில் வரவேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டது.

நம் உதாரணத்தை அவ்வமைப்பில் எழுதினால் பின்வருமாறு அமையும். தலைப்புச் சொற்களையும் குறிகளையும் இங்கே தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துக் காட்டுகின்றோம். உண்மைக் கோப்பில் அவை ரோமன் எழுத்திலேயே இருத்தல் வேண்டும்.

நேம்   சமையல்
ரோஸ்
  என்   செலவு
  ஜி   புரதம்
  ஜி   எடை
காலம்ஸ்
   கேழ்வரகு   செலவு   40   புரதம்   70
   கேழ்வரகு   எடை   1
   கடலை   செலவு   100   புரதம்   200
   கடலை   எடை   1
ஆர்.எச்.எஸ்.
   தேவை   புரதம்   1700   எடை   15
பவுண்ட்ஸ்
  யு.பி.   களஞ்சியம்   கேழ்வரகு   8
எண்டேட்டா

இனி இதனைப் பகுதி பகுதியாக விளக்குவாம். 'நேம்' என்பது கணக்கின் பெயர். 'ரோஸ்' என்பது நிரைகள். அஃதாவது குறிக்கோளும் கட்டுப்பாடுகளும். ஒவ்வொரு நிரைக்கும் முன்னே ஓரெழுத்துக் குறி உண்டு. 'என்' என்பது கட்டில்லாத நிரை. முதலில் வரும் அத்தகைய நிரையே குறிக்கோளாகக் கொள்ளப்படும். 'ஜி' என்பது குறையாமை, 'எல்' என்பது மிகாமை, 'இ' என்பது சமம்.

'காலம்ஸ்' என்பது நிரல்கள், அஃதாவது மாறிகள். இங்கே ஒரு புதுமையைக் காணலாம். நாம் கணக்கைக் கட்டுப்பாடு கட்டுப்பாடாக எழுதிப் பழகியவர்கள், எம்.பி.எஸ். கோப்போ மாறி மாறியாக எழுதச் சொல்கின்றது. கேழ்வரகு எந்தெந்த நிரையில் எவ்வளவு வருகின்றது என்பதை முழுவதும் சொல்லி முடித்த பின்னரே கடலைக்குச் செல்லுதல் வேண்டும். சிம்ப்ளெக்ஸ் முறை நிரல்களையே எடுத்து ஆள்வதாதலின், கோப்பும் அவ்வாறு அமைந்தது. எழுதப்படாத குணகம் பூச்சியம் எனக் கொள்ளப்படும்.

'ஆர்.எச்.எஸ்.' என்பது வலப்பக்கத்து எண்கள். 'பவுண்ட்ஸ்' என்பது மாறிகளின் எல்லைகள். 'யு.பி.' மேலெல்லையையும், 'எல்.ஓ.' கீழெல்லையையும், 'எஃப்.எக்ஸ்.' நிலைத்த மதிப்பையும், 'எஃப்.ஆர்.' எல்லையின்மையையும் குறிக்கும். ஒரு நிரைக்குக் கீழும் மேலும் இரண்டு வரம்பு வேண்டுமாயின், இடையே 'ரேஞ்சஸ்' என்னும் பகுதியைச் சேர்த்தல் வேண்டும். புரதம் 1700-க்கும் 2000-க்கும் இடையே இருக்கவேண்டுமெனின், அப்பகுதியில் 300 என்று எழுதினாற் போதும். 'எண்டேட்டா' என்பது முடிவு.

பழைய நிலைத்த அமைப்பில், நிரையின் குறி 2, 3 ஆகிய பத்திகளிலும், முதற்பெயர் 5 முதல் 12 வரையிலும், இரண்டாம் பெயர் 15 முதல் 22 வரையிலும், எண் 25 முதல் 36 வரையிலும் வரும். அவ்வரியிலேயே மற்றொரு பெயரும் எண்ணும் 40 முதல் 47 வரையிலும் 50 முதல் 61 வரையிலும் வரலாம். பெயர்கள் எட்டெழுத்துக்கு மிகா. பிற்காலத்தார் இக்கட்டைத் தளர்த்தி, இடைவெளியால் மட்டும் பிரிக்கும் தளர்ந்த அமைப்பையும் வகுத்தனர். ஜி.எல்.பி.கே. என்னும் நூலகத்தில் நிலைத்த அமைப்பைக் குறிக்கும் பெயர் இன்றும் 'டெக்' என்பதே. அட்டைக்கட்டு என்று பொருள். அட்டை மறைந்தது, அதன் பெயர் மறையவில்லை.

4. நூலகம் கோப்பை உட்கொள்ளும் விதம்

இனி நூலகம் இக்கோப்பை எவ்வாறு வாசிக்கின்றது என்று காண்போம். முதற்பத்தியில் உடுக்குறி இருப்பின் அவ்வரி குறிப்புரை எனத் தள்ளப்படும். முதற்பத்தியில் எழுத்து இருப்பின் அது பகுதித்தலைப்பு. முதற்பத்தி வெறிதாயின் அது செய்திவரி. நிரைகளின் பெயர்களை வாசிக்கும்போதே, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசையெண் இட்டு, பெயரகராதி ஒன்றை நூலகம் அமைத்துக்கொள்கின்றது. பின்னர் நிரல்களை வாசிக்கையில், வரும் நிரைப்பெயரை அவ்வகராதியில் தேடி, அதன் எண்ணைப் பெற்று, குணகத்தை அதற்குரிய இடத்தில் சேர்க்கின்றது. அகராதியில் இல்லாத பெயர் வந்தால் அது பிழை.

குணகங்களை அது சதுரக் கட்டங்கள் கொண்ட முழு அட்டவணையாக வைத்துக்கொள்வதில்லை. அதன் காரணத்தை ஓர் உண்மைக் கணக்கால் அறியலாம். நெட்லிப் என்னும் தொகுதியில் உள்ள 'அஃபிரோ' என்னும் கணக்கு மிகச் சிறியது; குறிக்கோளையும் கூட்டி 28 நிரைகளும் 32 நிரல்களும் கொண்டது. முழு அட்டவணையில் 896 இடங்கள் உண்டு. ஆயின் பூச்சியமல்லாத எண்கள் 88 மட்டுமே, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெருங்கணக்குகளில் இப்பங்கு இன்னும் மிகச் சுருங்கிவிடும். பூச்சியங்களை எழுதி வைப்பது வெற்றிடத்திற்குக் காவல் வைப்பதை ஒக்கும். ஆதலின் நூலகம் மூன்று பட்டியல்களை மட்டும் வைத்துக்கொள்கின்றது: பூச்சியமல்லாத எண்கள், அவை நிற்கும் நிரையெண்கள், ஒவ்வொரு நிரலும் தொடங்கும் இடம்.

நம் உதாரணத்தில், குறிக்கோளை வேறாக நிறுத்தி, புரதத்தை 0 என்றும் எடையை 1 என்றும் எண்ணினால், எண்களின் பட்டியல் 70, 1, 200, 1. நிரையெண்களின் பட்டியல் 0, 1, 0, 1. தொடக்கங்களின் பட்டியல் 0, 2, 4. கடைசி எண்ணாகிய 4, பட்டியல் எங்கே முடிகின்றது என்பதைக் காட்டும். கோப்பு நிரல் நிரலாக எழுதப்பட்டிருப்பதால், நூலகம் அதை வாசிக்க வாசிக்கவே இப்பட்டியல்கள் நிரம்பிவிடுகின்றன. அட்டைக் காலத்து ஏற்பாடு இக்காலத்திற்கும் பொருந்தி நிற்பது இவ்வாறு.

நிரலாளன் செய்யவேண்டுவது சிறிதே. ஜி.எல்.பி.கே. நூலகத்தில் முதலில் வெற்றுக் கணக்கொன்றை உண்டாக்குதல் வேண்டும், பின் எம்.பி.எஸ். வாசிக்கும் கட்டளைக்கு, அமைப்பு நிலைத்ததோ தளர்ந்ததோ என்பதையும் கோப்பின் பெயரையும் தருதல் வேண்டும். அக்கட்டளை 0 என்று விடைதந்தால் வாசிப்பு நிறைவேறியது. வேறெண் தந்தால் தவறியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஹைஸ் என்னும் நூலகத்திலோ, கோப்புப் பெயரின் ஈற்றைக் கண்டே அதன் அமைப்பை நூலகம் அறிந்துகொள்ளும். இரண்டிலும், வாசிப்புக் கட்டளை தரும் விடையைச் சோதியாமல் தீர்வுக் கட்டளைக்குச் செல்வது, கடிதத்தைப் பிரியாமலே மறுமொழி எழுதுவதை ஒக்கும்.

5. உரத்துக் கூவும் பிழையும் மௌனமாய் நிற்கும் பிழையும்

வாசிப்பில் நேரும் பிழைகள் இருவகைப்படும். முதல்வகை தானே தன்னைக் காட்டிக்கொள்ளும். கடலையின் புரதம் 200 என்பதை எழுத மறந்தோம் என்க. நூலகம் அதைப் பூச்சியம் எனக் கொள்ளும். கேழ்வரகு 8 கிலோவால் கிடைக்கும் புரதம் 560 கிராமே. 1700-ஐ எட்ட வழி இல்லை. 'ஏற்புடைய தீர்வு இல்லை' என்று நூலகம் அறிவிக்கும். நாமும் விழித்துக்கொள்வோம். இது நல்லூழ்.

இரண்டாம்வகை மௌனமானது, கொடியதும் அதுவே. 'பவுண்ட்ஸ்' பகுதியை எழுத மறந்தோம் என்க. கேழ்வரகுக்கு மேலெல்லை இல்லாததால், நூலகம் கேழ்வரகு 10 கிலோ, கடலை 5 கிலோ, செலவு 900 ரூபாய் என்று விடை தரும். கணக்கு முற்றும் சரி. கட்டுப்பாடுகள் இரண்டும் நிறைவேறின. ஒரே குறை, களஞ்சியத்தில் 10 கிலோ கேழ்வரகு இல்லை என்பதே.

அடுத்து, எடைநிரையின் குறி 'ஜி' என்பதற்கு மாறாக 'எல்' என்று விழுந்துவிட்டது என்க. இப்போது 15 கிலோ என்பது கீழ்வரம்பு அன்று, மேல்வரம்பு. புரதத்திற்கு ஆகும் விலையில் கடலையே மலிவாதலின், நூலகம் கடலை 8.5 கிலோ மட்டும் எடுத்து, செலவு 850 ரூபாய் என்று கூறும். மெய்விடை 1020 அன்றோ? 170 ரூபாய் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்து அத்திட்டத்தை நிறைவேற்றினால், அன்று விடுதியில் 6.5 கிலோ உணவு குறையும். பந்தியில் கடைசியில் அமர்ந்தோர் பாடு என்னாவது? ஓர் எழுத்தின் மாற்றம் தாளில் ஓரெழுத்தே. இலையில் அது பசி. இத்துறையின் கணக்குகள் உணவுக்கும் மருந்துக்கும் மின்சாரத்திற்கும் இரயில் வண்டிகளுக்கும் ஆளப்படுவனவாதலின், இதனைச் சிறு குற்றமென்று ஒதுக்குதல் தகாது.

பிழைபட்ட விடை மெய்விடையைவிட அழகாய்த் தோன்றுவதும் கருதத்தக்கது. ஒரு கட்டுப்பாடு விடுபட்டாலோ தளர்ந்தாலோ, குறிக்கோள் சிறக்குமேயன்றி ஒருபோதும் சிதையாது. இது கணித நியமம். ஆகவே எதிர்பாராத சிறப்புடைய விடை கிடைக்கும்போது மகிழ்தற்கு முன்னர் ஐயுறுதலே அறிவுடைமை.

6. சொல்லாமல் விட்டவற்றின் பொருள்

கோப்பில் சொல்லாமல் விட்டவற்றிற்கு நூலகம் தானே ஒரு பொருள் கொள்ளும். அப்பொருளை அறியாதார் எளிதில் வழுக்கி வீழ்வர். அவற்றுள் முதன்மையானவற்றை இங்கே தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, எல்லை கூறப்படாத மாறிக்குக் கீழெல்லை 0 என்பதாகும். பண்டங்களின் அளவுக்கு இது பொருந்தும். ஆனால் லாபநஷ்டம், வெப்பநிலை, இருப்பின் ஏற்றத்தாழ்வு போன்று எதிர்மதிப்பும் அடையத்தக்க மாறிகளுக்கு 'எஃப்.ஆர்.' என்று எழுதாவிடின், நஷ்டமே நேராத உலகமொன்றை நூலகம் படைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பழைய எம்.பி.எஸ். அமைப்பில் குறிக்கோளைக் குறைப்பதா கூட்டுவதா என்று குறிக்க இடமே இல்லை, குறைத்தலே வழக்கு. லாபத்தைப் பெருக்க விரும்பி எழுதிய கணக்கில், 'ஒன்றும் செய்யாதிரு. லாபம் 0' என்னும் விடை வருமாயின், காரணம் இதுவாக இருக்கலாம். குணகங்களின் குறியை மாற்றி எழுதுதல் அல்லது நூலகத்திற்குத் தனிக்கட்டளை இடுதல் இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது, முழுவெண் மாறிகள் பற்றியது. இத்தனை லாரி, இத்தனை ஆள் என்று பின்னமின்றி இருக்கவேண்டிய மாறிகளை, நிரற்பகுதியில் தொடக்கக்குறி ஒன்றும் முடிவுக்குறி ஒன்றும் இட்டு அவற்றினிடையே எழுதுவர். அவற்றிற்கு மேலெல்லை கூறாவிடின், சில நூலகங்கள் 1 என்று கொள்ளும். சில வரம்பின்மை என்று கொள்ளும். ஒரே கோப்பு ஓரிடத்தில் ஒரு லாரியோடும் மற்றோரிடத்தில் ஒன்பது லாரியோடும் விடை தருவது இதனாலேயே. மேலெல்லையை வெளிப்படையாக எழுதிவிடுவது நன்று.

நான்காவது, மேலெல்லை எதிர்மதிப்பாக இருந்து கீழெல்லை கூறப்படாவிடில், கீழெல்லை 0 என்னும் வழக்கோடு அது முரணும். சில நூலகங்கள் கீழெல்லையை வரம்பின்மையாக்கிக்கொள்ளும். சில பிழை எனத் தள்ளும். இங்கும் இரண்டையும் எழுதுதலே வழி.

ஐந்தாவது, குறிக்கோளோடு மாறாத தொகை ஒன்றைச் சேர்ப்பது. விறகுச் செலவு 50 ரூபாய் எப்போதும் உண்டு என்க. அதனை வலப்பக்கப் பகுதியில் செலவு நிரைக்கு எதிரே எழுதுவர். ஆயின் -50 என்று எழுதுதல் வேண்டும். சமன்பாட்டின் மறுபுறம் சென்ற எண்ணாதலின் குறி மாறுகின்றது என்று கொண்டால் நினைவில் நிற்கும்.

ஆறாவது, பெயர்களுக்கிடையே உள்ள வெற்றிடம். நிலைத்த அமைப்பில் ஒரு பெயருக்குள் இடைவெளி வரலாம், பத்தியே எல்லை. தளர்ந்த அமைப்பில் இடைவெளியே எல்லையாதலின், ஒரு பெயர் இரண்டாகப் பிளவுபடும். பெயர்களில் இடைவெளி விடாதிருப்பது இருபாலும் தீங்கற்றது.

7. எல்.பி. என்னும் மற்றோர் அமைப்பு

மனிதர் வாசிப்பதற்கு எளிய மற்றோர் அமைப்பும் உண்டு, அது எல்.பி. எனப்படும். அதில் குறைக்க என்னும் தலைப்பின் கீழ்க் குறிக்கோளையும், உட்பட்டு என்னும் தலைப்பின் கீழ்க் கட்டுப்பாடுகளையும், நாம் கரும்பலகையில் எழுதுவது போலவே எழுதலாம். குறைப்பதா கூட்டுவதா என்பதும் வெளிப்படையாகத் தெரியும். பயிலும் மாணாக்கருக்கு இதுவே ஏற்றது.

ஆயினும் இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஒன்று, எல்.பி. என்னும் பெயரால் வழங்கும் அமைப்புக்கள் ஒன்றல்ல. சிப்ளெக்ஸ் வழக்கு வேறு, எல்பி-சால்வ் என்னும் நூலகத்தின் வழக்கு வேறு. மற்றொன்று, ரோமன் எழுத்தாகிய 'இ'யில் தொடங்கி எண் தொடரும் பெயரை, பத்தின் அடுக்கைக் குறிக்கும் எண்ணென்று நூலகம் மயங்கக்கூடும். ஆதலின் அவ்வெழுத்தில் தொடங்கும் பெயரை விலக்குக.

8. சோதிக்கும் முறை

இத்தனை இடர்களையும் அஞ்சிக் கணிப்பொறியைக் கைவிடவேண்டுவதில்லை. பொன்னை உரைத்துப் பார்க்கக் கட்டளைக்கல் உள்ளது போல், இதற்கும் உண்டு. 1985-ஆம் ஆண்டில் டேவிட் கே என்பார், நேரியல் திட்டமிடற் கணக்குகள் பலவற்றைத் தொகுத்து, எவரும் மின்னஞ்சல் வழியே பெறுமாறு நெட்லிப் தொகுதியில் வைத்தார். மேலே கூறிய அஃபிரோ அவற்றுள் ஒன்று. முழுவெண் கணக்குகளுக்கென மிப்லிப் என்னும் தொகுதி 1992-இல் வெளிவந்தது. பின்னர்ப் பலமுறை புதுக்கப்பட்டு, 2017 என்னும் ஆண்டுப் பெயரோடும் ஒரு பதிப்பு அமைந்தது. இவற்றின் விடைகள் முன்னமே அறியப்பட்டவை.

ஆதலின், புதிய நூலகம் ஒன்றை ஆளத் தொடங்குவோன் தன் கணக்கை முதலில் தராது, அஃபிரோவைத் தந்து பார்த்தல் வேண்டும். விடை -464.75314 என்று வருமாயின், கோப்பு வாசிக்கும் வழியும் தீர்வு காணும் வழியும் செம்மையாக உள்ளன என்று நம்பலாம். நெட்லிப் கோப்புக்கள் சுருக்கிய வடிவில் வைக்கப்பட்டிருத்தலின், அவற்றை விரித்த பின்னரே வாசிப்பித்தல் வேண்டும் என்பதையும் மறவற்க.

பின்னர்த் தன் கணக்கை ஒப்புவிக்கையில் ஐந்து செயல்களைச் செய்க. முதலாவது, வாசிப்புக் கட்டளையின் விடையை நோக்குக. இரண்டாவது, நூலகம் தான் கண்ட நிரை, நிரல், பூச்சியமல்லாத எண்கள் ஆகியவற்றின் தொகையைக் கூறும். அவற்றைத் தன் கையெண்ணிக்கையோடு ஒப்பிடுக. நம் உதாரணத்தில் குறிக்கோளை நீக்கிக் கட்டுப்பாட்டு நிரை 2, நிரல் 2, எண்கள் 4. மூன்றாவது, வாசித்த கணக்கை எல்.பி. அமைப்பில் திரும்ப எழுதித் தருமாறு நூலகத்தைப் பணித்து, அதனைக் கண்ணாற் படிக்க. நாம் சொன்னதை அது எவ்வாறு கேட்டது என்பது அப்போது வெட்டவெளிச்சமாகும். ஆசிரியர் பாடஞ்சொல்லி மாணாக்கனைத் திரும்பச் சொல்லச் செய்வதும் இதுவே. நான்காவது, கையாற் செய்யத்தக்க சிறு கணக்கொன்றை அதே வழியில் அனுப்பி, விடையை ஒப்பிடுக. 1020 ரூபாயை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. ஐந்தாவது, கிடைத்த விடையை எடுத்து, கோப்பில் அன்று, முதலில் தாளில் எழுதிய கட்டுப்பாடுகளில் பொருத்திப் பார்க்க. கோப்பு பிழைபட்டிருந்தால் கோப்போடு ஒப்பிடுவதால் பயனில்லை.

இவ்வைந்தில் கடையதே தலையாயது. களஞ்சியத்தில் எத்தனை கிலோ உள்ளது, பந்தியில் எத்தனை பேர் அமர்வர் என்பன கோப்பு அறியாதவை, சமையற்காரர் அறிந்தவை. 10 கிலோ கேழ்வரகு எடுக்கச் சொல்லும் திட்டத்தை அவரிடம் காட்டினால், 'இருப்பது எட்டு கிலோதானே, ஐயா?' என்று ஒரு நொடியில் கூறிவிடுவார். கணக்கு எவருக்காகச் செய்யப்படுகின்றதோ அவரிடம் விடையைக் காட்டி வினவுதல் இழுக்கன்று; அதுவும் கணக்கின் ஒரு பகுதியே.

1947-இல் 120 ஆள்நாள் வேண்டியிருந்த வேலை இன்று ஒரு நொடியும் வேண்டாததாயிற்று. மிச்சமான காலத்தில் ஒரு நாழிகையையேனும், எழுதிய கோப்பை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பதற்கு நம் மாணாக்கர் செலவிடுவராயின், அந்நூலகங்களை ஆக்கிய அறிஞரின் உழைப்பு முழுப்பயன் தரும் என்பதில் ஐயமில்லை.